பெயர் சொல்லாமல் பேசும் கூட்டம்

ஆலையில் எது நின்றாலும் முதல் போன் இன்ஸ்ட்ருமென்ட்காரர்களான எங்களுக்குத்தான் வரும். பம்ப் இழுக்கவில்லை என்றால் மெக்கானிக்கலைக் கூப்பிட வேண்டும், மோட்டார் எரிந்தால் எலெக்ட்ரிக்கலை. ஆனால் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது திரையில் ஓடும் எண் ஒன்றுதான். அது பிடிக்காவிட்டால் அதைக் காட்டும் கருவிமேல்தான் சந்தேகம் விழும். “இன்ஸ்ட்ருமென்ட் தப்பாக் காட்டுது சார்” என்பது வட சென்னை ஆலைகளில் தலைமுறை தலைமுறையாகக் கேட்கிற வாக்கியம். பெரும்பாலும் கருவி சரியாகத்தான் காட்டியிருக்கும், குழாய்க்குள் நடப்பதுதான் தப்பாக இருக்கும். அதை நிரூபிக்க நள்ளிரவில் டார்ச்சும் மல்டிமீட்டருமாக ஏணி ஏறி, அளவைக் கண்ட்ரோல் ரூமுக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டரைக் கேலிப்ரேஷன் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்க வேண்டும். நிரூபித்த பிறகு அந்தப் பேச்சையே யாரும் எடுக்க மாட்டார்கள்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. ஓர் ஆலையில் எங்கள் ஆட்கள் மிகக் குறைவு. மெக்கானிக்கலில் ஒருவருக்குத் தெரியாததைச் சொல்லித்தரப் பக்கத்து மேசையிலேயே ஆள் இருக்கும். ஒரு லூப், அதாவது அளந்து அதற்கேற்பத் திருத்தும் கட்டுப்பாட்டுச் சுற்று, அடங்காமல் ஆடிக்கொண்டிருந்தால் அதைப் பற்றி உட்கார்ந்து பேச எனக்கு ஒருவரோ இருவரோதான். அதே சிக்கல் பக்கத்து ஆலையில் போன வருடமே வந்து தீர்ந்திருக்கும். நடுவே இருப்பது ஒரு மதில் சுவர். ஆனால் அதைத் தாண்டி ஒரு வார்த்தை இந்தப் பக்கம் வராது. போட்டிக் கம்பெனி என்பார்கள், ரகசியம் என்பார்கள். உண்மையில் பாதிக்கு மேல், ‘நம்ம ஆலை ட்ரிப் ஆகி நின்ற கதையை வெளியே ஏன் சொல்ல வேண்டும்’ என்கிற கூச்சம்.

அந்தச் சுவருக்கு வெளியே எங்களைச் சந்திக்க வைத்தது ஒரு சங்கம். சம்பளத்துக்கும் போனஸுக்கும் பேசுகிற சங்கம் அல்ல. ஒரே வேலையைச் செய்பவர்கள் சந்தா கட்டிச் சேர்ந்து, கற்றதைப் பகிர்ந்துகொண்டு, தங்கள் தொழிலுக்குத் தாங்களே விதி எழுதிக்கொள்ளும் வகைச் சங்கம்.

என்னை அங்கே அழைத்துப் போனவர் என் முதல் சீனியர். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தவர். 1949-ல் சி. ராஜம் அந்தக் கல்லூரியைத் தொடங்கியபோது, பெரும்பாலான பொறியியல் கல்லூரிகளில் சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் தவிர வேறு பெயரே கிடையாது. அங்கே முதலிலிருந்தே விமானம், மோட்டார் வாகனம், எலெக்ட்ரானிக்ஸ் ஆகியவற்றோடு இன்ஸ்ட்ருமென்ட் டெக்னாலஜியும் ஒரு பிரிவு. விமானப் பிரிவில் கலாம் படித்ததும் எலெக்ட்ரானிக்ஸில் சுஜாதா படித்ததும் ஊரறிந்த செய்தி. இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் படித்தவர்களை ஊருக்குத் தெரியாது. அவர்கள் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, அனல்மின் நிலையம் என்று உள்ளே போனவர்கள், ரிடையர் ஆகித்தான் வெளியே வந்தார்கள். என் சீனியரும் அப்படித்தான். “சாயந்திரம் சும்மாதானே இருக்கே, வா தம்பி” என்று ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார்.

போனது ஓர் அமெரிக்கச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக் கூட்டத்துக்கு. இன்ஸ்ட்ருமென்ட் சொசைட்டி ஆஃப் அமெரிக்கா, சுருக்கமாக ஐ.எஸ்.ஏ. இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில், 1945 ஏப்ரல் 28 அன்று, பிட்ஸ்பர்க் நகரில் தொடங்கியது. அதற்கு முன்பே அமெரிக்காவின் எஃகு, எண்ணெய், ரசாயன ஊர்களில் கருவிக்காரர்கள் தனித்தனிக் குழுக்களாகக் கூடிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட 18 உள்ளூர்க் குழுக்கள் ஒன்றாகச் சேர்ந்ததுதான் தேசியச் சங்கமானது. மேலே ஒரு தலைமை உண்டாகிக் கீழே கிளை விடவில்லை, கிளைகள் சேர்ந்து தலைமையை உண்டாக்கின. பிற்காலத்தில் அதன் கூட்டங்களில் நான் பார்த்த நல்ல குணங்கள் பலவற்றுக்கும் இந்தப் பிறப்பே காரணம் என்பது என் எண்ணம்.

உறுப்பினர் அட்டை தபாலில் வந்தபோது அதில் ‘அமெரிக்கா’ என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்த என் அப்பா, மகன் கிளம்பப்போகிறான் என்று தெருவில் நான்கு வீட்டுக்காவது சொல்லிவிட்டார். அந்தப் பெயர் சங்கத்துக்கே பிறகு பொருந்தாமல் போயிற்று. வெளிநாடுகளில் உறுப்பினர்கள் பெருகியதும் 2000-த்தில் அமெரிக்காவைப் பெயரிலிருந்து எடுத்தார்கள். 2008-ல் இன்டர்நேஷனல் சொசைட்டி ஆஃப் ஆட்டோமேஷன் என்று ஆனது. மூன்று எழுத்து மட்டும் மாறவில்லை.

கூட்டம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓட்டல் ஒன்றின் மாடி ஹால், பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு புரொஜெக்டர். வாடகையைக் கருவி விற்கும் நிறுவனம் ஒன்று கட்டியிருக்கும். அதனால் முதல் அரை மணி நேரம் அவர்களுடைய புது டிரான்ஸ்மிட்டரின் புகழைக் கேட்டாக வேண்டும். அது முடிந்து போண்டாவும் காபியும் வந்த பிறகுதான் கூட்டம் தொடங்கும். நாற்காலிகள் தாமாகவே வட்டமாகிவிடும்.

எழுதாத சட்டம் ஒன்று அங்கே இருந்தது. கதையை “ஒரு ஆலையில்” என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். சொல்பவர் எங்கே வேலை செய்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் “உங்க ஆலையிலா?” என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் அடுத்த முறை அவர் வாய் திறக்க மாட்டார். இந்த ஒரு நாகரிகத்தை நம்பியே அந்தச் சங்கம் நடந்தது என்பேன்.

பாய்லர் டிரம் கதையை அப்படித்தான் கேட்டேன். டிரம் என்பது பாய்லரின் உச்சியில் படுத்திருக்கும் பெரிய உருளை. கீழே பாதி தண்ணீர், மேலே நீராவி. மட்டம் குறைந்தால் குழாய்கள் காய்ந்து வெடிக்கும். கூடினால் தண்ணீர் நீராவியோடு போய் டர்பைனை அடிக்கும். எனவே மட்டத்தை அளந்து, அதற்கேற்ப ஊட்டுநீர் வால்வைத் திறந்து மூட ஒரு கண்ட்ரோலர் இருக்கும். மட்டம் இறங்கினால் திற, ஏறினால் மூடு. பள்ளிப் பிள்ளைக்கும் புரிகிற ஏற்பாடு.

அதில்தான் வம்பு. நீராவித் தேவை திடீரென்று கூடும்போது டிரம்மில் அழுத்தம் இறங்குகிறது. அழுத்தம் இறங்கியதும் தண்ணீருக்குள் இருக்கும் குமிழிகள் பருக்கின்றன, புதிதாகவும் கிளம்புகின்றன. பால் பொங்குவதுபோல மட்டம் மேலே எழும்பும். உண்மையில் டிரம்மிலிருந்து தண்ணீர் குறைந்துகொண்டிருக்கிறது, கருவியோ ஏறுகிறது என்கிறது. அதுவும் பொய் சொல்லவில்லை, மட்டம் ஏறத்தான் செய்திருக்கிறது. கண்ட்ரோலர் தன் கடமையைச் செய்து, தண்ணீர் மிக வேண்டிய அந்த நேரத்தில் வால்வை மூடும். சில நொடிகளில் பொங்கல் அடங்கியதும் மட்டம் தடாலென்று விழுந்து பாய்லர் ட்ரிப் ஆகும்.

இதற்கு மருந்து பல காலமாகத் தெரிந்ததுதான். மட்டத்தை மட்டும் நம்பாமல், வெளியே போகும் நீராவியையும் உள்ளே வரும் தண்ணீரையும் சேர்த்து அளப்பது. போனதற்குச் சமமாக முதலில் ஊற்று, மிச்சத் திருத்தத்தை மட்டத்தை வைத்துச் செய். எங்கள் பேச்சில் திரீ எலிமென்ட் கண்ட்ரோல். அன்று சொன்னவரின் “ஒரு ஆலையில்” அதுவும் இருந்தது. ஆனால் நீராவி ஓட்டத்தை அளக்கும் டிரான்ஸ்மிட்டர் பழுதாகி, லூப் சத்தமில்லாமல் மட்டத்தை மட்டும் பார்க்கும் நிலைக்கு இறங்கியிருந்தது. வாரக்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை. லோடு சீராக இருந்தவரை ஒன்றும் ஆகவில்லை. ஒரு ராத்திரி லோடு ஏறியது, பாய்லர் நின்றது. லாக் புத்தகத்தில் ‘இன்ஸ்ட்ருமென்ட் ஃபெயில்யூர்’ என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

வட்டத்திலிருந்து இன்னொருவர், சர்க்கரை ஆலைக்காரர், “எங்க பக்கம் இது தினசரிக் கூத்து” என்றார். சக்கையை எரித்து ஓட்டும் பாய்லர், மில் நின்று ஓடும்போதெல்லாம் லோடு ஆடும். அவர்கள் செய்திருந்த ஏற்பாடு எளிமையானது. மூன்றில் ஒரு கருவி போனாலும் லூப் கீழ்நிலைக்கு இறங்கட்டும், ஆனால் இறங்கியது திரையில் நிறம் மாறித் தெரிய வேண்டும், ஷிஃப்ட் மாறும்போது பதிவேட்டிலும் எழுத வேண்டும். இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. மறுநாள் எங்கள் பாய்லரில் நீராவிக் கருவி போனால் லூப் என்ன செய்யும் என்று விசாரித்தேன். ஆளுக்கொரு பதில் வந்தது. அடுத்த ஷட் டவுனில் சர்க்கரை ஆலைக்காரரின் ஏற்பாடு எங்கள் பாய்லருக்கும் வந்தது. எங்கிருந்து கற்றேன் என்று மேலதிகாரி கேட்டார். “ஒரு ஆலையில்” என்றேன்.

இப்படி வாயால் பகிர்ந்தது ஒரு பங்கு என்றால், காகிதத்தில் ஏறியது இன்னொரு பங்கு. ஆலை வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், குழாய்க் கோடுகளின் மேல் சின்னச் சின்ன வட்டங்கள் இருக்கும். வட்டத்துக்குள் எஃப்.ஐ.சி. என்று மூன்று எழுத்து, கீழே ஓர் எண். முதல் எழுத்து எதை அளக்கிறது என்பதைச் சொல்லும், இங்கே ஓட்டம். அடுத்தவை என்ன செய்கிறது என்பதை, இங்கே காட்டுவதும் கட்டுப்படுத்துவதும். வட்டத்தின் குறுக்கே கோடு இருந்தால் கருவி கண்ட்ரோல் ரூமில், கோடு இல்லாவிட்டால் ஆலைத் தளத்தில். ஜப்பான்காரர் வடிவமைத்து, குஜராத்தில் வரைந்து, மணலியில் நிற்கும் ஆலையின் வரைபடத்தை ராமநாதபுரத்திலிருந்து வந்த டெக்னீஷியன் ஒருவர் முதல் நாளிலேயே படிக்க முடிவது இதனால்தான். இந்த வட்டங்களின் முதல் பதிப்பை ஐ.எஸ்.ஏ. 1949-ல் பரிந்துரையாக வெளியிட்டது. இன்றும் அதன் திருத்திய பதிப்புதான் எங்கள் அரிச்சுவடி.

4–20 மில்லிஆம்பியர் கதையும் அப்படித்தான். முன்பெல்லாம் கருவிகள் காற்றழுத்தத்தால் பேசின, 3 முதல் 15 பி.எஸ்.ஐ. வரை. மின்சாரம் வந்ததும் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி ஒரு கணக்கை வைத்துக்கொண்டது. ஒருவர் 10–50, இன்னொருவர் 1–5. ஒருவரிடம் டிரான்ஸ்மிட்டர் வாங்கினால் கண்ட்ரோலரையும் அவரிடமே வாங்கித் தொலைய வேண்டும். கடைசியில் 4–20 என்று பொதுத்தரம் எழுதினார்கள். பழைய காற்றுக் கணக்கைப் போலவே இதிலும் அடிமட்டம் உச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த அடிமட்டம் பூஜ்யமாக இல்லாததில்தான் புத்தி இருக்கிறது. தொட்டி காலி என்றால் 4. கம்பியை எலி கடித்துவிட்டால் 0. இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியே இல்லை.

இந்தத் தரங்களை எழுதியவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பகலில் வேலை, மாலையில் கமிட்டி. வரைவை எல்லோருக்கும் அனுப்புவார்கள். எதிர்ப்பு எழுதினால் அதற்கு எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். ஓட்டுரிமை இல்லாத உறுப்பினனாகச் சில வரைவுகளை நானும் படித்திருக்கிறேன். ஒரு சொல்லுக்காகப் பக்கம் பக்கமாகச் சண்டை நடக்கும். ‘செய்ய வேண்டும்’ என்பதா, ‘செய்வது நல்லது’ என்பதா? வெளியிலிருந்து பார்த்தால் வெட்டிப் பேச்சு. ஆனால் விபத்துக்குப் பிறகு விசாரணை நடக்கும்போது அந்த ஒரு சொல்லில்தான் யாருக்கு என்ன பொறுப்பு என்பது தொங்கும்.

அலாரம் விஷயத்தில் அதைக் கண்ணால் பார்த்தேன். பழைய பேனல் காலத்தில் ஓர் அலாரம் வைக்க விளக்கு வேண்டும், கம்பி வேண்டும், பலகையில் இடம் வேண்டும். எனவே யோசித்து வைத்தார்கள். கம்ப்யூட்டர் வந்ததும் அலாரத்துக்குச் செலவே இல்லை. கூட்டத்தில் யார் கேட்டாலும் ஒன்று சேர்த்துவிடுவார்கள். போர்டு மேன் என்று நாங்கள் சொல்லும் கண்ட்ரோல் ரூம் ஆப்பரேட்டர், திரையைப் பார்க்காமலே ஒரு விரலால் அலாரத்தை ஒப்புக்கொள்ளும் பொத்தானைத் தட்டிக்கொண்டிருப்பார். “என்னண்ணே, எதுன்னு பார்க்க வேண்டாமா?” என்று ஒருவரைக் கேட்டேன். “அது சும்மா கத்துது சார். கத்தாம இருந்தாத்தான் பயமா இருக்கும்” என்றார்.

1994 ஜூலை 24 அன்று வேல்ஸ் நாட்டில் மில்ஃபோர்டு ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் நடந்தது இதன் மறுமுனை. காலையில் இடியும் மின்னலுமாக ஆலை தடுமாறியது. ஒரு வால்வு மூடிக்கிடந்தது, திரையோ திறந்திருப்பதாகக் காட்டியது. உள்ளே திரவம் சேர்ந்துகொண்டே போயிற்று. வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களுக்குள் ஆப்பரேட்டர்கள் முன் வந்த அலாரங்கள் 275. அத்தனையும் படித்துப் பார்க்க மனிதனால் ஆகாது. 26 பேர் காயமடைந்தார்கள், உயிர்ச்சேதம் இல்லாதது அதிர்ஷ்டம். அந்த விசாரணைக்குப் பிறகு பிரிட்டனில் 1999-ல் அலாரங்களுக்கு ஒரு வழிகாட்டி வந்தது. ஐ.எஸ்.ஏ. தன் தரத்தை 2009-ல் வெளியிட்டது. ஓர் ஆப்பரேட்டருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 அலாரம் என்றால் ஏற்கலாம், 300-க்கு மேல் சமாளிக்க முடியாது என்பது அதன் கணக்கு. பத்து நிமிடத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

அந்தத் தரத்தை வைத்துக்கொண்டு எங்கள் ஆலையின் அலாரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். கேள்வி ஒன்றே ஒன்று: இது அடித்தால் ஆப்பரேட்டர் என்ன செய்வார்? “தெரிஞ்சுக்குவார்” என்பது பதில் அல்ல. செய்ய ஒன்றும் இல்லை என்றால் அது அலாரம் அல்ல, செய்தி. புராசஸ் பொறியாளர்கள் ஒவ்வொரு அலாரத்துக்கும் வக்கீல் வைக்காத குறையாக வாதாடினார்கள். என்னிடம் அச்சிட்ட தரம் இருந்ததால் பிழைத்தேன். “நான் சொல்லவில்லை சார், இது உலகத் தரம்” என்று சொல்லிவிட்டால் யார் மனமும் புண்படாது. தரத்தின் உபயோகங்களில் இதுவும் ஒன்று, யாரும் வெளியே சொல்வதில்லை.

சங்கத்தைப் பற்றிப் பாட்டாகப் பாடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சால்வைக்கும் மேடைக்குமாக வருபவர்கள் உண்டு. சான்றிதழ்ப் பரீட்சை எழுதி விசிட்டிங் கார்டில் பெயருக்குப் பின்னால் எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டபின் தலையே காட்டாதவர்களும் உண்டு. விற்பனையாளர்கள் இல்லாவிட்டால் ஹால் வாடகை கட்ட முடியாது, இருந்தால் பேச்சு முழுக்க அவர்களுடைய சரக்கு. எல்லாச் சங்கத்திலும் இருப்பதுதான்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. எங்கள் தொழிலுக்கு இரண்டு வீடுகள் இருக்கின்றன, ஒரு வீட்டார் மற்ற வீட்டுக்குப் போவதில்லை.

இரண்டாவது வீட்டின் கதை 1956-ல் ஹைடல்பர்க் நகரில் ஒரு மாநாட்டில் தொடங்குகிறது. பல நாட்டுக் கட்டுப்பாட்டியல் அறிஞர்கள் கூடி, உலகளவில் ஓர் அமைப்பு வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். மறு வருடம் பாரிஸில் இன்டர்நேஷனல் ஃபெடரேஷன் ஆஃப் ஆட்டோமேட்டிக் கண்ட்ரோல் பிறந்தது. சுருக்கமாக ஐ.எஃப்.ஏ.சி. எனப்படும் அதில் ஒரு நாட்டுக்கு ஓர் உறுப்பு அமைப்புதான். அமெரிக்காவில் கட்டுப்பாட்டியல் பேசும் சங்கங்கள் பல இருந்ததால், அவை கூடி ஒரு கவுன்சில் அமைத்து அதன் வழியாகச் சேர்ந்தன. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. முதல் தலைவர் அமெரிக்கரான ஹெரால்டு செஸ்ட்நட், அவருக்கு அடுத்தவர் சோவியத்தின் அலெக்சாண்டர் லேதொவ். 1960-ல் முதல் உலக மாநாடு மாஸ்கோவில். ஏவுகணையை வழிநடத்தும் கணக்கு இரு தரப்பிடமும் இருந்தது. அந்தக் கணக்குக்கு அடியில் இருக்கும் கணிதத்தை ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து பேசினார்கள். எங்கள் மாடி ஹால் நாகரிகத்தின் பெரிய அளவு என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த மாஸ்கோ மாநாட்டில்தான் முப்பது வயது ருடால்ஃப் கால்மன் தன் புகழ்பெற்ற கட்டுரையை வைத்தார். அதில் அவர் எழுப்பிய கேள்விகளில் ஒன்று: வெளியே அளக்க முடிந்ததை மட்டும் வைத்து, உள்ளே இருக்கும் முழு நிலையையும் கண்டுபிடிக்க முடியுமா? எப்போது முடியும், எப்போது முடியாது என்பதற்குக் கணிதச் சோதனையையும் தந்தார். கல்லூரியில் இதை அணிகளின் வரிசைத்தரமாகப் படித்துப் பாஸ் பண்ணினேன். அது நான் தினமும் செய்யும் வேலை என்று புரிந்தது பல வருடம் கழித்து. 2005 மார்ச் 23 அன்று டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் 170 அடி உயரக் கோபுரம் ஒன்று திரவத்தால் நிரம்பி வழிய, வழிந்தது வெடித்து, 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். மட்டக் கருவி அளந்தது கோபுரத்தின் அடிப்பகுதியில் சில அடிகளை மட்டும். அதற்கு மேல் எவ்வளவு ஏறினாலும் அதற்குத் தெரியாது. அன்று அது மட்டம் மெல்ல இறங்குவதாகவே காட்டிக்கொண்டிருந்தது. மேல் மட்டத்துக்கென்று தனியாக இருந்த அலாரமும் அடிக்கவில்லை. கால்மனின் கேள்வியை அந்தக் கோபுரத்தின் வடிவமைப்பின்போது யாராவது கேட்டிருக்கலாம். அளப்பது போதுமா?

இந்தியாவின் சார்பில் அந்த உலக அமைப்பில் இருப்பது ஆட்டோமேட்டிக் கண்ட்ரோல் அண்ட் டைனமிக் ஆப்டிமைசேஷன் சொசைட்டி. அதன் மாநாடு 2012-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நடந்தது. 2016-ல் திருச்சி என்.ஐ.டி., 2020-ல் சென்னை ஐ.ஐ.டி. நம்மூர்ப் பக்கம் வந்தபோது போய் உட்கார்ந்தேன். ட்ரோன் கூட்டம், செயற்கைக்கோள், மின் கட்டமைப்பு, ரோபோ. கணிதவியலாளர் லியாபுனோவின் பெயர் கேட்காத அமர்வு இல்லை. பாதி புரிந்தது, மீதியைப் பேசியவரின் முகத்தை வைத்து ரசித்தேன். சுற்றிலும் பேராசிரியர்களும் ஆய்வு மாணவர்களும். கண்ட்ரோல் வால்வின் கிளாண்டை இறுக்கிய கையோடு வந்தவர் என்று என் கண்ணில் பட்டவர் சொற்பம். பேராசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் யாரையும் வராதே என்று சொல்லவில்லை. எங்கள் ஆட்கள்தான் “அதெல்லாம் தியரி சார்” என்று ஒதுங்கிவிட்டார்கள். ஆலைகளும் மாநாட்டுக்குப் போக லீவு தருவதில்லை, விற்பனைக் கண்காட்சிக்கு மட்டும் தரும்.

இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதில்லை. எங்கள் தொழிலில் இன்றும் பெரும்பாலான லூப்களை ஓட்டுவது பி.ஐ.டி. கண்ட்ரோலர்தான். அதை ஆலையில் டியூன் செய்ய முதல் எளிய விதியைத் தந்தவர்கள் ஜான் ஸீக்லரும் நதானியல் நிக்கல்ஸும். 1942-ல் வந்த கட்டுரை. இருவரும் ராச்செஸ்டரில் டெய்லர் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற ஒரே நிறுவனத்தில் இருந்தார்கள். ஸீக்லர் வாடிக்கையாளர் ஆலைகளின் தொல்லையை நேரில் பார்த்தவர், நிக்கல்ஸ் கணிதக்காரர். லூப் அடங்காமல், வளராமல், ஒரே சீராக ஆடும்வரை கெயினை, அதாவது கண்ட்ரோலர் திருத்தும் வலுவை, கூட்டு. அந்த கெயினையும் ஆட்டத்தின் கால அளவையும் குறித்துக்கொள். மற்றதையெல்லாம் அந்த இரண்டு எண்களிலிருந்து எடு. ஷிஃப்ட் டெக்னீஷியன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளக்கூடிய விதி. எண்பது வருடம் ஆகியும் எங்கள் ஆட்கள் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். எத்தனையோ பேர் அதைவிட நல்ல விதிகளை எழுதிவிட்டார்கள், எனக்கும் அவற்றில் சில பிடிக்கும். ஆனால் தொல்லையும் கணிதமும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்ததால் பிறந்தது அது.

சென்னை மாநாட்டின் தேநீர் இடைவேளையில் ஓர் ஆய்வு மாணவி என் அட்டையைப் பார்த்துவிட்டு வந்தாள். “சார், நிஜமாவே ஆலையில இன்னும் பி.ஐ.டி.தானா?” என்றாள். ஆமாம்மா என்றேன். லூப்கள் தாமாக ஆடுவதற்குக் காரணத்தைத் தரவிலிருந்தே கண்டுபிடிப்பது அவளுடைய ஆராய்ச்சி. வால்வு தண்டு பேக்கிங்கில் ஒட்டிக்கொண்டு நகராமல் நின்று, பிறகு சட்டென்று குதித்தால், கண்ட்ரோலரின் வெளியீடு முக்கோணமாகவும் ஓட்டம் சதுரமாகவும் அலையும் என்று தாளில் வரைந்து காட்டினாள். நான் பல வருடம் திரையில் பார்த்த படம் அது, அதற்குள் இவ்வளவு கணிதம் இருப்பது அன்றுதான் தெரிந்தது. ஆடும் லூப்பை எடுத்ததுமே டியூனிங்கில் கை வைக்கக் கூடாது, மேனுவலில் போட்டுப் பார், ஆட்டம் நின்றால் குற்றம் அந்த லூப்பில், நிற்காவிட்டால் வேறெங்கிருந்தோ வருகிறது என்கிற எங்கள் கைவைத்தியத்தை நான் சொன்னேன். எழுதிக்கொண்டாள். அவளிடம் இல்லாதது ஒன்றுதான்: உண்மையான ஆலைத் தரவு. எல்லாம் கம்ப்யூட்டரில் உண்டாக்கிய தரவு.

வாங்கித் தருவது சுலபமாக இல்லை. எந்த ஆலையும் தரவை வெளியே விடாது. பழைய கூட்டத்து நண்பர் ஒருவர் மேலிடத்தில் அனுமதி வாங்கினார். ஆலையின் பெயர், கருவி எண்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுச் சில லூப்களின் சில நாள் டிரெண்டை மட்டும் தந்தார். பழைய சட்டம்தான், இந்த முறை எக்செல் வடிவத்தில்.

இரண்டு வாரத்தில் அவள் போன் செய்தாள். இரண்டு வால்வு ஒட்டுகிறது என்று சரியாகவே சொன்னாள், நண்பர் பிரித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு லூப் மட்டும் அவளுடைய கணக்கில் அடங்கவில்லை. “தினமும் மத்தியானம் 2 மணிக்குக் கண்ட்ரோலர் வெளியீடு நேர்கோடாயிடுது சார். ராத்திரி 10 மணிக்கு மறுபடி நகர ஆரம்பிக்குது. ஞாயித்துக்கிழமை மட்டும் இல்லை. இது எந்த வகைக் கோளாறுன்னு எந்தப் பேப்பர்லயும் இல்ல.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2 மணிக்கு ஷிஃப்ட் மாறுகிறது, 10 மணிக்கு மறுபடி மாறுகிறது. அந்த வாரம் மத்தியான ஷிஃப்டில் வரும் போர்டு மேனுக்கு அந்த லூப்பின் மேல் நம்பிக்கை இல்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் மேனுவலில் போட்டுவிட்டுத் தன் கையாலேயே ஓட்டுகிறார். ஞாயிறு அவருக்கு வார விடுமுறை.

“அப்படின்னா இதைத் தரவிலேருந்து எடுத்துடட்டுமா சார்?”

“எடுக்காதேம்மா. அவர் ஏன் நம்பலைன்னு முதல்ல கேட்கலாம். அந்த லூப்புல ஏதோ இருக்கு.”

நண்பரிடம் சொன்னோம். அவர் போர்டு மேனிடம் பேசிவிட்டு வந்து, அந்த ஓட்டக் கருவிக்கு முன்னால் இருக்கும் இம்பல்ஸ் லைன் என்னும் மெல்லிய குழாயில் மத்தியான வெயிலுக்கு வாயுக் குமிழி கட்டுகிறது, எண் அப்போதுதான் அலைகிறது என்றார். போர்டு மேனுக்கு அது தெரிந்திருந்தது. அவரை யாரும் கேட்டதில்லை. குழாயின் சரிவை மாற்றிப் போட்டார்கள். அவள் கட்டுரையில் அந்த லூப்புக்குத் தனியாக ஒரு பத்தி எழுதியிருக்கிறாள். அது “ஒரு ஆலையில்” என்றுதான் தொடங்குகிறது. வழிகாட்டிப் பேராசிரியர், ஆலை எது என்று குறிப்பிடாமல் எப்படி என்று கேட்டாராம். இரண்டு பேரும் அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.